நாரைக்காக ஓர் இலாகா

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், வட கோடியில் கடலை ஒட்டி டொயோஓகா என்றொரு நகராட்சி இருக்கிறது. மக்கள்தொகை 80 ஆயிரத்துக்கும் குறைவு. எல்லா நகராட்சிகளையும் போலவே அங்கும் வரிக்கு ஒரு பிரிவு, சாலைக்கு ஒரு பிரிவு, குப்பைக்கு ஒரு பிரிவு உண்டு. 2002இல் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நாரையோடு சேர்ந்து வாழ்வதற்கான பிரிவு! அதற்கென்று அலுவலர்கள், கோப்புகள், ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீடு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் டொயோஓகாவின் வானத்தில் ஒரு நாரைகூடப் பறக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இருந்த நாரைகளெல்லாம் கூண்டுக்குள் இருந்தன.

ஜப்பானியர்கள் கோனோதோரி என்று அழைக்கும் இந்தப் பறவை, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வலசை வரும் செங்கால் நாரைக்கு மிக நெருங்கிய சொந்தம். அதே வெள்ளை உடல், அதே கறுத்த சிறகோரம், அதே சிவந்த கால். செங்கால் நாரைக்கு அலகும் சிவப்பு. இதற்கு அலகு கறுப்பு. நின்றால் ஒரு மீட்டருக்கு மேல் உயரம், சிறகை விரித்தால் இரண்டு மீட்டர் அகலம். வளர்ந்த பறவைக்குக் குரல் கிடையாது. கழுத்தைப் பின்னால் வளைத்து, அலகைப் படபடவென்று அடித்துத்தான் துணையைக் கூப்பிடும், எதிரியை மிரட்டும். தானியம் தொடாது. மீன், தவளை, வெட்டுக்கிளி, நண்டு, பாம்பு என்று உயிருள்ள இரைதான் வேண்டும். வளர்ந்த நாரைக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ இரை தேவை. அயிரை மீனாகக் கணக்கிட்டால் எழுபது, எண்பது மீன். கூட்டில் மூன்று குஞ்சுகளும் இருந்துவிட்டால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாரை வாழ்கிற ஊர் என்றால் அங்கே வயலும் வாய்க்காலும் மீனும் தவளையுமாக நிரம்பிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

டொயோஓகா ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஊரின் நடுவே ஓடும் மருயாமா ஆற்றுக்குக் கடலை நெருங்கும் பகுதியில் வாட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. பத்துக் கிலோமீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் இறங்கும், அவ்வளவுதான். மழைநீர் வடியாது. வயல்கள் ஆண்டு முழுக்கச் சேறாகவே கிடக்கும். சில வயல்களுக்குப் படகில் போய்த்தான் வேலை செய்வார்கள். உழவருக்கு அது தொல்லை, நாரைக்கு அது சொர்க்கம். 1960இல் அங்குள்ள இஸுஷி ஆற்றில் எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் அந்த ஊரில் எங்கும் தொங்குகிறது. முழங்கால் தண்ணீரில் ஒரு பெண், அவரோடு ஏழு மாடுகள், கைக்கெட்டும் தூரத்தில் பன்னிரண்டு நாரைகள். மாடும் நாரையும் ஒன்றையொன்று பொருட்படுத்தவில்லை.

அந்தப் படம் எடுத்தபோதே நாரைகளின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேட்டைத் துப்பாக்கி பரவியதும் ஜப்பானின் பெரும்பகுதியில் அவை தீர்ந்துபோயின. டொயோஓகாவில் தப்பியவற்றுக்கு இரண்டாம் உலகப் போர் அடுத்த அடி. நாரைகள் கூடு கட்டும் முதிர்ந்த பைன் மரங்களைப் போர்த் தேவைக்காக வெட்டினார்கள். போர் முடிந்ததும் பூச்சிமருந்து வந்தது. நெல்லின் குலைநோய்க்குப் பாதரசம் கலந்த மருந்தைத் தெளித்தார்கள். வயலின் புழுவில் துளியாக இருந்த பாதரசம் அதைத் தின்ற மீனில் கூடியது. மீனைத் தின்ற நாரையில் இன்னும் பல மடங்கு சேர்ந்தது. செத்த நாரைகளை அறுத்துச் சோதித்தபோது உடலில் பாதரசம் இருந்தது.

துப்பாக்கி, கோடாரி, நஞ்சு மூன்றும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். நான்காவது எதிரி நன்மையின் வேடத்தில் வந்தது. வயல்களைச் சதுரம் சதுரமாகச் சீரமைத்து, எந்திரம் இறங்க வசதியாக நீரை முழுதாக வடிக்கும் திட்டம் அது. வடிகால் ஆழமாக இருந்தால்தான் வயல் காயும் என்பதால் அதை வயல் மட்டத்துக்குக் கீழே வெகுவாக இறக்கி, கான்கிரீட்டில் கட்டினார்கள். புதுவெள்ளம் வரும்போது மீன் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் ஏறி முட்டையிடும் என்பது நெல் விளையும் ஊர்களில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயலின் தண்ணீர் ஆழமில்லாதது, வெதுவெதுப்பானது, நுண்ணுயிர்கள் நிறைந்தது. குஞ்சு மீனுக்கு அதைவிட நல்ல தொட்டில் ஆற்றில் கிடைக்காது. அயிரை, கெளுத்தி, கெண்டை இனங்கள் இப்படித்தான் பெருகி வந்தன. வடிகால் கீழே போனதும் மீனுக்கு முன்னால் ஏற முடியாத சுவர் நின்றது. வயலில் மீன் இல்லை. குளிர்காலம் முழுக்க வயல் காய்ந்து கிடந்ததால் தவளையும் இல்லை. மருந்தை அன்றே நிறுத்தியிருந்தால்கூட நாரை பட்டினி கிடந்திருக்கும்.

காப்பாற்ற முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1955இலேயே ஹியோகோ ஆளுநர் மசாரு சகாமோதோ முன்னின்று பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். கூட்டருகே சத்தம் போடாதீர்கள், நாரையை அதன் போக்கில் விடுங்கள் என்று ஓர் இயக்கம் நடந்தது. இரை இல்லை என்று தெரிந்ததும், ஆளுக்கோர் அயிரை கொடுங்கள் என்று இன்னோர் இயக்கம். பள்ளிப் பிள்ளைகள் மீன் பிடித்துக் கொண்டுவந்து தந்தார்கள். நெகிழவைக்கும் காட்சிதான். ஆனால் வாய்க்காலைத் தோண்டி மீனின் வழியை அடைத்துவிட்டு, வாளியில் மீன் சுமந்து கொடுப்பது எத்தனை நாளைக்கு ஓடும்? 1965இல் கடைசி வழியாக, எஞ்சிய நாரைகளில் ஒரு ஜோடியைப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். 1971இல் ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை டொயோஓகாவில் செத்தது.

கூண்டிலும் விடியவில்லை. முட்டை இட்டன, பொரியவில்லை. உடலில் ஏறிய பாதரசம் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, நாரைக்கு ஜோடி சேர்த்துவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பிடிக்காத பறவையை ஒரே கூண்டில் விட்டால் குத்திக் கொன்றே போட்டுவிடும். 1985இல் சோவியத் நாட்டின் கபரோவ்ஸ்க் பகுதியிலிருந்து ஆறு இளம் நாரைகளை வரவழைத்தார்கள். அவற்றுக்கு 1989இல் குஞ்சு பொரித்தது. முதல் ஜோடியைப் பிடித்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை மாகாணத்தின் வரவுசெலவில் ஆண்டுதோறும் பலனே தராத ஒரு செலவினம் விடாமல் இடம்பெற்று வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தத் தணிக்கை அதிகாரியும் கேள்வி கேட்டிருக்கக்கூடிய செலவு அது.

பிறகு எண்ணிக்கை ஏறியது. 2002இல் நூறைத் தாண்டியது. இனி வெளியே விடலாம். எங்கே விடுவது? வயல் அதே காய்ந்த வயல். கூண்டைத் திறந்தால் நாரை பறந்துபோய்ப் பட்டினியில் சாகும். உயிரியலாளர்களின் வேலை ஏறக்குறைய முடிந்து, நகராட்சியின் வேலை தொடங்கிய இடம் இதுதான்.

2001இல் முனெஹாரு நகாகாய் நகரத்தந்தையாகத் தேர்வானார். அதற்கு முன் மாகாண சட்டமன்றத்தில் இருந்தவர். நாரையைப் பற்றி அங்கேயே பேசி வந்தவர். இருபது ஆண்டுகள், 2021 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவர் வந்த மறு ஆண்டுதான் நாரைப் பிரிவு உருவானது. அதே 2002இல், ஆகஸ்ட் 5ஆம் தேதி, எதிர்பாராத விருந்தாளி ஒன்று வந்து சேர்ந்தது. ஆசியப் பெருநிலத்திலிருந்து வழிதவறி வந்த காட்டு நாரை. எட்டாம் மாதம் ஐந்தாம் நாள் வந்ததால் ஹச்சிகோரோ என்று பெயரிட்டார்கள். அது சாகும்வரை அங்கேயே தங்கிவிட்டது. எந்த மாதம் எந்த வயலில் மேய்கிறது, எங்கே காலியாகத் திரும்புகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னாலேயே போய்க் குறித்தார்கள். கூண்டில் பிறந்த நூறு பறவைகளால் சொல்ல முடியாததை இந்த ஒன்று சொல்லிக்கொடுத்தது. அது விரும்பி இரை தேடிய சேற்று வயல்களை நகராட்சி பின்னாளில் ஈரநிலமாக்கி அதன் பெயரையே சூட்டியது.

நாரைக்காக வயலை மாற்ற உழவர்கள் எடுத்த எடுப்பில் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்றை மிதிக்கும் பறவை என்று பெரியவர்கள் அந்தக் காலத்தில் கல்லெறிந்து விரட்டியது பலருக்கும் நினைவில் இருந்தது. மருந்தில்லாமல் பயிர் செய்தால் களை பறிப்பது யார்? கிராமங்களில் மிஞ்சியவர்களோ வயதானவர்கள். 2003இல் மாகாண வேளாண் அலுவலர்களும் நகராட்சியும் கூட்டுறவுச் சங்கமும் சில உழவர்களும் சேர்ந்து ஒரு சாகுபடி முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். மொத்தம் முக்கால் ஹெக்டேருக்கும் குறைவான நிலம். நாரை வளர்க்கும் வேளாண்மை என்று அதற்குப் பெயர்.

நெல் பயிரிடும் எவருக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும் தெரியும். ஜப்பானில் நடவு முடிந்து, தூர் கட்டி முடியும் நேரத்தில், ஜூன் மாதத்தில், வயலை வெடிக்கும் அளவுக்குக் காயவிடுவார்கள். வீண் தூர் நிற்கும், வேருக்குக் காற்று கிடைக்கும், அறுவடை எந்திரம் இறங்கும்போது நிலம் கெட்டியாக இருக்கும். உழவருக்கு அத்தனையும் லாபம். தலைப்பிரட்டைக்கு அது மரண தேதி. அப்போது அவற்றுக்கு இன்னும் கால் முளைத்திருக்காது. தும்பியின் புழு நீருக்குள்ளேயே இருக்கும். வயல் காய்ந்தால் ஒரு தலைமுறையே கருவாடாகிவிடும். புதிய முறை கேட்டுக்கொண்டது மிகச் சின்ன மாற்றம்: தலைப்பிரட்டை தவளையாகி வரப்பேறும்வரை, ஜூலை தொடக்கம் வரை, மடையைத் திறக்காதீர்கள். உழவர் வயலில் இறங்கித் தலைப்பிரட்டைகளை அள்ளிப் பார்க்கிறார். பின்னங்கால் வந்ததா, முன்னங்கால் வந்ததா, வால் சுருங்கியதா? பார்த்துவிட்டுத்தான் நீரை வடிக்கும் நாளை முடிவு செய்கிறார். பஞ்சாங்கத்தில் இல்லாத ஒரு நாள்.

இதோடு, அறுவடை முடிந்த வயலில் குளிர்காலத்திலும் நீர் நிறுத்துகிறார்கள். தவிட்டைத் தூவினால் சேற்றில் நூல்போன்ற செம்புழுக்கள் லட்சக்கணக்கில் பெருகும். அவை தலையைச் சேற்றுக்குள் புதைத்துத் தின்று, வால்வழியே மேற்பரப்பில் கழிக்கும். வசந்தம் வருவதற்குள் வயலின் மேல் விரலளவு பட்டுச் சேறு படிந்துவிடும். களை விதை அதன் அடியில் மாட்டிக்கொண்டு முளைக்காது. களைக்கொல்லி செய்யும் வேலையில் ஒரு பகுதியைப் புழு செய்துவிடுகிறது. நடவுக்குப் பின் நீரைக் கொஞ்சம் ஆழமாக நிறுத்துவதும் களையை அடக்கும். விதை நேர்த்திக்கு மருந்துக்குப் பதிலாக வெந்நீர். முழுக்க மருந்தில்லாமல் பயிரிடுவோர் ஒரு பக்கம், வழக்கத்தில் கால்பங்கு மட்டும் தெளிப்போர் இன்னொரு பக்கம் என்று இரண்டு வகை. எல்லாரையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்காமல் இரண்டுக்கும் இடம் கொடுத்தது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீனின் வழியையும் திறந்தாக வேண்டுமே. கான்கிரீட் வடிகாலை உடைத்துப் பழையபடி ஆக்க யாரிடமும் பணம் இல்லை. வயலின் கழிவு மடையிலிருந்து வடிகால் வரைக்கும் சாய்வாக ஒரு சிறு ஓடை அமைத்தார்கள். மரப்பலகையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த தொட்டி அது. உள்ளே குறுக்குத் தடுப்புகள், தடுப்புக்குத் தடுப்பு ஓர் ஓரத்தில் இடைவெளி. நீர் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து இறங்கும். மழை பெய்து வயல்நீர் அதில் வழிந்தால், அந்த வாசத்தையும் ஓட்டத்தையும் பிடித்துக்கொண்டு அயிரை நெளிந்து நெளிந்து படியேறிவிடும். மீனேணி என்று சொல்லலாம். வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அதை வைத்தார்கள். தச்சு வேலை தெரிந்த ஒருவர் செய்துவிடக்கூடிய பொருள்.

பணம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இதுபோன்ற கதைகளில் அதைத்தான் வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். பயிரிடாத வயலில் ஆண்டு முழுக்க நீர் நிறுத்த உதவித்தொகை கொடுத்தார்கள். மடை திறக்கும் நாளைத் தள்ளிப்போட்டவருக்கும் குளிர்காலத்தில் நீர் நிறுத்தியவருக்கும் ஒரு தொகை. மானியத்தை மட்டும் நம்பினால் அடுத்த தேர்தலில் அது போனாலும் போகும் என்பதால் அரிசிக்குப் பெயர் வைத்தார்கள். நாரை வயலில் விளைந்தது என்ற முத்திரையோடு, கூட்டுறவுச் சங்கம் சாதாரண அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கியது. பெருநகரக் கடைகளில் விற்றது. ஊர்ப் பள்ளி மாணவர்கள் நகரத்தந்தையிடமே போய், எங்கள் மதிய உணவிலும் இந்த அரிசியைப் போடுங்கள், சாப்பிடுகிறவர்கள் கூடினால்தானே வயலும் கூடும் என்று கேட்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. முக்கால் ஹெக்டேரில் தொடங்கிய சாகுபடி 400 ஹெக்டேரைத் தாண்டியது.

2004 அக்டோபர் 20ஆம் தேதி டொக்காகே புயலில் மருயாமா ஆற்றின் கரை உடைந்தது. ஊர் மூழ்கியது. நாரையா முக்கியம், கரையைக் கட்டுங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் தவறு சொல்ல முடியாது. ஆற்றைக் கவனிப்பது தேசிய அரசின் துறை. வெள்ளம் போக ஆற்றின் கொள்ளளவைக் கூட்ட வேண்டும். அதற்கு ஆற்றுப்படுகையின் உயர்ந்த திட்டுகளை வெட்டியாக வேண்டும். எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். அதை நாரையின் கால் எட்டும் ஆழத்தில், முழங்கால் தண்ணீர் நிற்கும்படி அகலமாக வெட்டினார்கள். வெள்ளத்துக்கும் இடம் கிடைத்தது, சதுப்பும் கிடைத்தது. நகராட்சிக்கென்று ஒரு திட்டம் ஏற்கெனவே கையில் இருந்ததால்தான் மேலேயிருந்து வந்த பணத்தை அதற்கேற்ப வளைக்க முடிந்தது.

புயலுக்கு அடுத்த ஆண்டு, 2005 செப்டம்பர் 24 அன்று, இளவரசர் அகிஷினோ தம்பதி வந்திருக்க, பெட்டிகளைத் திறந்து ஐந்து நாரைகளைப் பறக்கவிட்டார்கள். பைன் மரம் இல்லாத குறைக்கு வயல் நடுவே உயரமான கம்பம் நட்டு, உச்சியில் தட்டு பொருத்தியிருந்தார்கள். அப்படி ஒரு கம்பத்தில் 2007இல் ஒரு குஞ்சு பொரித்து, அந்த ஜூலை 31இல் பறந்தது. ஜப்பானின் காட்டில் பிறந்த நாரை பறந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2012இல் மருயாமா ஆற்றின் கீழ்ப்பகுதியும் சுற்றியுள்ள நெல்வயல்களும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இன்று ஜப்பானில் வெளியில் வாழும் நாரைகள் முந்நூற்றுக்கும் மேல்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அறிவியல் அப்படி முடிய விடுவதில்லை. நீர் நிறைந்த வயலின் சேற்றில் காற்று புகாது; அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடும். புவி சூடாவதில் அதற்கும் பங்குண்டு. வயலை நடுவில் காயவிட்டால் மீத்தேன் குறையும். ஆகவே காய்ச்சலை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கும் உழவருக்கு ஜப்பான் அரசு இப்போது விற்றுக் காசாக்கக்கூடிய கார்பன் வரவு கொடுக்கிறது. ஒரு கை மடையைத் திறக்காதே என்று காசு கொடுக்க, இன்னொரு கை திறந்து வை என்று காசு கொடுக்கிறது. தவளை கரையேறிய பிறகு நீளமாகக் காயவிடலாம் என்று சமரசம் பேசலாம். எந்த வயலில் எது செல்லுபடியாகும் என்பதை அந்தந்த வட்டாரத்தில் அளந்து பார்க்காமல் தலைநகரில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

மரபணுக் கவலையும் உண்டு. இன்றைய நாரைகள் அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வந்த சில பறவைகளின் வழித்தோன்றல்கள். நெருங்கிய உறவுக்குள் ஜோடி சேராமல் பார்த்துக்கொள்ள வளையமிட்டுக் கணக்கு வைக்கிறார்கள். கூண்டுப் பறவைகளுக்குத் திறந்தவெளியில் வைக்கும் மீனைக் காட்டு நாரைகளும் வந்து தின்னும் பழக்கத்தை எப்படி விடவைப்பது என்ற சர்ச்சை நெடுநாள் நடந்தது. மின்கம்பியிலும் வேலி வலையிலும் சிக்கி இறப்பவை கொஞ்சமல்ல. உழவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது; தவளைக்காகக் காத்திருக்க அடுத்த தலைமுறை வயலுக்கு வருமா என்பதே டொயோஓகாவின் பெரிய கேள்வி.

இவற்றையெல்லாம்விட நாரைகளுக்கு இன்றுள்ள நெருக்கடி இடம். ஒரு ஜோடி தன் எல்லைக்குள் இன்னொரு ஜோடியை விடாது. டொயோஓகா நிரம்பிவிட்டது. ஒன்றன் கூட்டில் இன்னொன்று புகுந்து சண்டையிடுவதால் குஞ்சுகள் சாகின்றன. இளம் பறவைகள் வேறு மாகாணங்களுக்குப் போகின்றன; கடல் தாண்டிக் கொரியாவுக்கும் போயிருக்கின்றன. 2017இல் அப்படிப் போய்க் கூடு கட்டிய இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஷிமானே மாகாணத்தின் உன்னான் நகரில், குஞ்சுகளோடு இருந்த தாய் நாரையைக் கொக்கு என்று நினைத்து ஒரு வேட்டைக்காரர் சுட்டுவிட்டார்; நான்கு குஞ்சுகளையும் டொயோஓகாவுக்குக் கொண்டுவந்து வளர்த்துப் பிறகு விடுவித்தார்கள். தொகுஷிமா மாகாணத்தின் நருதோவில், கிழங்குக்காகத் தாமரை பயிரிடும் சேற்று வயல்களுக்கு நடுவே இன்னொரு ஜோடி மூன்று குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட்டது. அங்கே யாரும் கூண்டு கட்டவில்லை, குஞ்சு பொரிக்க வைக்கவில்லை. தாமரைக் கிழங்குக்காக ஆண்டு முழுக்க நீர் நின்ற வயல் இருந்தது, அதில் இரை இருந்தது.

டொயோஓகா தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. இதற்கு மேல் அந்த ஊர் மட்டும் நாரைகளைப் பெருக்க முடியாது. இனி அவை போய் இறங்கும் ஊர்களின் நகராட்சிகள்தான் தங்கள் வயல்களில் எத்தனை நாள் தண்ணீர் நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.